வீட்டுக் கணினி திரும்பத் திரும்ப முடங்கினால்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கான கேள்வி-பதில்

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்களும், அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவர்களும் வீட்டுக் கணினியைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். கணினி திடீரென நின்றுவிடுகிறது. மறுபடி இயக்கினால் ஓடுகிறது. சில நாட்களில் மீண்டும் நிற்கிறது. இதற்கான காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் வழியை இங்கே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 உள்ள கணினிகளை மனத்தில் வைத்தே எழுதினாலும், மின்சாரம், வெப்பம், நினைவகம் (ரேம்), கோப்புகளைச் சேமிக்கும் வட்டு ஆகியவை பற்றிச் சொல்வது எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தும்.

ஆராயத் தொடங்கும் முன் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள். முடக்கத்துக்குக் காரணம் பழுதடைந்துவரும் வட்டாக இருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அதன் மிச்ச ஆயுளைக் குறைக்கும். சோதனை முடிந்து காரணம் தெரியவரும்போது கோப்புகள் இல்லாமல் போயிருக்கலாம்.

நம் வீடுகளில் இதற்குக் கூடுதல் அவசியம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் கப்பல் பதிவேட்டின் படிகளையும், பூட்டனாரின் ஒப்பந்த எண்ணையும், பழைய திருமணப் புகைப்படங்களையும் தேடித் திரட்டி, வருடி (ஸ்கேனர்) மூலம் படமாக்கி, ஒரே ஒரு கணினியில் வைத்திருக்கிறார்கள். மூலத் தாள்கள் உறவினர் யாரிடமோ திரும்பப் போயிருக்கும். அந்தக் கணினியின் வட்டு போனால் அந்த உழைப்பு முழுவதும் போய்விடும். ஆகவே அவற்றை ஒரு வெளிவட்டில் படியெடுத்து, படியெடுத்து முடித்ததும் அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருக்கும் வெளிவட்டு, மின்னழுத்தப் பாய்ச்சல் வரும்போது கணினியோடு சேர்ந்தே கெட்டுப்போகும். இணையச் சேமிப்பகத்திலும் ஒரு படி இருப்பது நல்லது.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கும். பழுதுபார்க்கும்போது கணினி திடீரென 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தேடித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா முடக்கமும் ஒன்றுதானா?

அல்ல. ஒரே ஒரு செயலி மட்டும் மூடிக்கொண்டால் அது அந்தச் செயலியின் கோளாறு. இந்தப் பக்கம் அதைப் பற்றியது அன்று. கணினி முழுவதும் நிற்பதில் நான்கு வகை உண்டு. பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்து மறுதொடக்கமாவது ஒன்று. 2025-இல் விண்டோஸ் 11 இதைக் கருந்திரையாக மாற்றத் தொடங்கியதால், கருப்பாக வந்தாலும் அதே செய்திதான் என்று கொள்ளுங்கள். எந்தச் செய்தியும் இல்லாமல் சட்டென மறுதொடக்கமாவது இரண்டாவது. விளக்கு அணைந்ததுபோல் ஒரேயடியாக அணைந்துபோவது மூன்றாவது. படம் அப்படியே உறைந்து, சுட்டியும் விசைப்பலகையும் வேலை செய்யாமல் நிற்பது நான்காவது. எது நடக்கிறது என்று சரியாகப் பார்த்துச் சொன்னாலே தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடும். நீலத்திரை வந்தால் விண்டோஸ் தவறைக் கண்டுகொண்டது என்று பொருள், சட்டென அணைந்தால் அதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள்.

எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்?

நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, முன்சொன்ன நான்கில் எந்த வகை, திரையில் தெரிந்த சொற்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அவற்றோடு வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் சேருங்கள்: கீசர் ஓடியதா, இன்வெர்ட்டர் மாறியதா, இடி இடித்ததா, அறை புழுக்கமாக இருந்ததா. இந்தக் குறிப்பு இல்லாமல் கடைக்குப் போகிறவர்களுக்கு ஊகத்தின் பேரில் ஒரு பாகம் மாற்றித் தரப்படுகிறது. அது சரியான பாகமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஊகத்தில் பாகம் வாங்காதீர்கள் என்பதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள் என்பதுமே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புபவை. இரண்டை ஒருசேர மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கணினியும் தன் பங்குக்கு ஒரு குறிப்பை வைத்திருக்கிறது. தொடக்கப் பட்டியின் தேடலில் ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று தேடினால், நாள்வாரியாக ஒரு வரைபடம் திறக்கும். முடங்கிய நாட்களில் சிவப்புக் குறி இருக்கும். அதற்கு முந்திய நாட்களில் நிறுவப்பட்ட செயலிகளும் புதுப்பிப்புகளும் அதே பக்கத்தில் தெரியும். முதல் சிவப்புக் குறிக்கு முன்தினம் என்ன நிறுவப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

நீலத்திரை படிப்பதற்குள் மறைந்துவிடுகிறதே?

கணினியின் ‘சிஸ்டம்’ அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்ற பகுதிக்குப் போய், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ என்பதைத் திறந்து, ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற கட்டத்தில் உள்ள குறியை நீக்குங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும்; கைபேசியால் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் திரையில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள்?

அவை சுட்டுவது பழுது வெளிப்பட்ட இடத்தை. பழுதின் வேர் வேறிடத்தில் இருக்கலாம். இந்த வேறுபாட்டை மறக்காமல் படித்தால் அவை மிகவும் பயனுள்ளவை.

‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். ‘கர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்பது வட்டிலிருந்து படிக்க வேண்டியதைப் படிக்க முடியவில்லை என்பதால் வருவது. வட்டையும் அதன் கேபிளையும் பாருங்கள். ‘வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்’ திரை அட்டையையோ (கிராஃபிக்ஸ் கார்டு), அதை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவரையோ காட்டுகிறது. ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ பெரும்பாலும் டிரைவர் கோளாறு, சில வேளை நினைவகக் கோளாறு. ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்றால் கணினியின் மையச் சில்லான செயலகமோ (பிராசசர்), பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் பலகையான மதர்போர்டோ தானே பிழையை அறிவிக்கிறது என்று பொருள். வெப்பம், மின்சாரம், அளவுமீறிய வேக அமைப்பு ஆகிய மூன்றையும் அப்போது பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே சொற்றொடர் வந்தால் டிரைவரைச் சந்தேகியுங்கள். முறைக்கு ஒன்றாக வேறுவேறு சொற்றொடர் வந்தால் நினைவகம், மின்சாரம் அல்லது வெப்பத்தைச் சந்தேகியுங்கள். விதிவிலக்கு உண்டு என்றாலும், தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

நீலத்திரையே வருவதில்லை. சட்டென அணைந்து மறுபடி ஓடுகிறது. ஏன்?

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்விக்கு மின்சாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ பதிவில் ‘கர்னல்-பவர் 41’ என்ற வரியைக் காண்பீர்கள். பலர் அதையே நோயின் பெயர் என்று எண்ணிக் கவலைப்படுகிறார்கள். ‘முறையாக மூடப்படாமல் கணினி மறுதொடக்கமாயிற்று’ என்பதே அந்த வரி சொல்வது. அதன் விவரங்களில் ‘பக்செக் கோடு’ என்ற இடத்தில் 0 இருந்தால், விண்டோஸ் பிழை எதையும் பதியவில்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது கணினி முற்றிலும் உறைந்து நீங்களே பொத்தானை அழுத்தி அணைத்திருக்கலாம்.

இங்கு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 10 விழுக்காடு கூடவோ குறையவோ, அதாவது 207 முதல் 253 வோல்ட் வரை இருப்பது ஏற்கத்தக்கது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளில் ஒரு வீட்டின் பின்புறம் இன்னொரு குடியிருப்பைக் கட்டி, அதே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்திருப்பார்கள். மாலை வேளையில் இரு வீட்டாரும் அடுப்பையும் கீசரையும் ஓட்டும்போது மின்னழுத்தம் இறங்குகிறது. விளக்கு மங்கும் அதே நொடியில் கணினி அணைகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் கணினிக்குப் புதுப் பாகம் வாங்குவதற்கு முன், உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி போர்டையும் அந்தப் பிளக்கின் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மல்ட்டிபிளக். ஒரு பெரிய மூன்றுமுனைப் பிளக், அதன் மேல் இரண்டுமுனை அடாப்டர், அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எடை தாங்காமல் அடுக்கு சற்றே சாயும்; உள்ளே தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும்; மேசையில் கை பட்டால்கூடக் கணினி நிற்கும். கணினியை வேறு அறையில், சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகச் செருகி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. பல வீடுகளில் இதுவே விடையைத் தந்துவிடும். பிளக்கிலோ அடாப்டரிலோ பழுப்பு நிறக் கருகல் தெரிந்தால், கணினி சரியாக ஓடினாலும் அதை உடனே அப்புறப்படுத்துங்கள். வீடு தீப்பிடிக்கும் அபாயம் அது.

வேறு அறையிலும் அதே தொல்லை என்றால் கணினிக்குள் உள்ள பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். விளையாட்டு, காணொளித் தொகுப்பு போன்ற பளுவான வேலையின்போது மட்டும் அணைந்தால் சந்தேகம் வலுக்கிறது. பவர் சப்ளையை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.

இன்வெர்ட்டர் வாங்கினோம். மின்சாரம் போகும்போதெல்லாம் கணினி மட்டும் அணைந்துவிடுகிறது. விளக்கும் தொலைக்காட்சியும் அணைவதில்லை. இது கணினியின் குறையா?

பெரும்பாலும் இல்லை. அரசு மின்நிறுவனமான எஸ்காம் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெட்டிங் 2007-08-இல் தொடங்கி, 2023-இல் மிக மோசமான ஆண்டைக் கண்டது. அந்த ஆண்டுகளில் கிடைத்த இன்வெர்ட்டரை அவசரத்தில் வாங்கியவர்கள் ஏராளம். 2024 மார்ச் 26-க்குப் பிறகு 300 நாட்களுக்கும் மேல் லோட்ஷெட்டிங் இல்லாமல் இருந்து, 2025 ஜனவரி 31 அன்று மறுபடி வந்தது. அதற்குள் பல வீடுகளின் பேட்டரிகள் கவனிப்பாரின்றி வலுவிழந்துவிட்டன. நீங்கள் கேட்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

மாறும் வேகம் முதலாவது. மின்சாரம் அறுந்தபின் கணினியின் பவர் சப்ளை தன்னிடமுள்ள சேமிப்பைக் கொண்டு முழுப் பளுவில் சுமார் 16 மில்லிவினாடி தாங்கும். இன்வெர்ட்டர் 10 மில்லிவினாடிக்குள் மாறிவிட்டால் கணினிக்கு ஒன்றும் தெரியாது. 20 எடுத்துக்கொண்டால் அணைந்துவிடும். விளக்கு அந்த இடைவெளியில் ஒருமுறை சிமிட்டிவிட்டு ஓடும். சில இன்வெர்ட்டர்களில் கருவிகளுக்கு ஓர் அமைப்பும் கணினிகளுக்கு விரைவாக மாறும் யுபிஎஸ் அமைப்பும் தனித்தனியே இருக்கும். கையேட்டைப் பார்த்து யுபிஎஸ் அமைப்புக்கு மாற்றுங்கள்.

அலையின் வடிவம் இரண்டாவது. மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது வழுவழுப்பான சைன் அலை அன்று, படிக்கட்டு வடிவ அலை. இக்காலக் கணினிகளின் நல்ல பவர் சப்ளைகளில், மின்னோட்டத்தைச் சீர்படுத்தும் ஒரு சுற்று இருக்கும். படிக்கட்டு அலையோடு அது ஒத்துப்போகாமல் அணைந்துபோவது உண்டு. தரமான பவர் சப்ளைக்கே இந்தத் தொல்லை வருவதால், குறை கணினியில் இருப்பதாக எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். ‘தூய சைன் அலை’ என்று குறிக்கப்பட்ட இன்வெர்ட்டரே கணினிக்கு ஏற்றது.

மூன்றாவது, பேட்டரி தளர்ந்திருப்பது. மின்சாரம் இருக்கும்போதே, கோப்புகளை எல்லாம் மூடிவிட்டு, இன்வெர்ட்டரின் சுவர்ப் பிளக்கை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்திலேயே எச்சரிக்கை ஒலி எழுந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மின்சாரம் திரும்பி வரும் நொடியிலும் இடிமழையிலும் கணினி கெடுமா?

கெடும். மின்சாரம் திரும்பும்போது தெருவில் உள்ள அத்தனை குளிர்பதனப் பெட்டிகளும் கீசர்களும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்குவதால் முதல் சில நிமிடங்களுக்கு மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கலாம். மின்சாரம் போனதும் கணினியின் பிளக்கைக் கழற்றி, அது திரும்பி ஐந்து நிமிடம் கழித்துச் செருகும் பழக்கம் நல்லது.

இடியைப் பொறுத்தவரை, ஜோகன்னஸ்பர்க்கை உள்ளடக்கிய ஹைவெல்ட் பீடபூமியில் கோடைக்காலப் பிற்பகல்களில் மின்னல் மிகுதி. சர்ஜ் பாதுகாப்புப் பிளக் சிறு பாய்ச்சல்களைத் தாங்கும். அருகில் விழும் மின்னலைத் தாங்காது. வானம் கறுக்கும்போது பிளக்கைக் கழற்றுவதே பாதுகாப்பு. இணைய ரௌட்டரிலிருந்து கணினிக்கு வரும் கம்பியையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் அதன் வழியே மின்சாரம் வராது. ஆனால் ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் தனித்தனி மின் அடாப்டர்கள் உண்டு, அவற்றின் வழியே நுழைந்த பாய்ச்சல் செப்புக் கம்பியில் கணினிக்குள் வந்துவிடும். கணினி முன்பு நன்றாக ஓடி, ஒரு இடிமழைக்குப் பின் மட்டும் முடங்கத் தொடங்கியிருந்தால் அதைக் குறிப்பில் எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும்போதும் அது உதவும்.

வெப்பம்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இயக்கிய உடனே நன்றாக ஓடி, அரைமணி ஒருமணி நேரம் கழித்து முடங்குவதும், உடனே மறுபடி இயக்கினால் முன்னைவிட விரைவாக முடங்குவதும், ஆறவிட்டால் மீண்டும் நன்றாக ஓடுவதும் வெப்பத்தின் அடையாளங்கள். வெப்பநிலையைக் காட்டும் ‘ஹெச்டபிள்யூஇன்ஃபோ’ போன்ற இலவசச் செயலி ஒன்றை நிறுவிப் பாருங்கள். செயலகங்கள் பொதுவாக 95 முதல் 105 பாகைக்குள் ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, முதலில் தம் வேகத்தைக் குறைத்து, அப்படியும் தணியாவிட்டால் அணைந்துவிடும். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால் விசிறியோ, வெப்பக்கடத்திப் பசையோ, தூசியோ கவனிப்பைக் கேட்கிறது.

தூசி இங்கே ஊருக்கு ஊர் வேறுபடும். டோங்காட், வெருலம், ஸ்டேஞ்சர் பக்கம் கரும்பு அறுவடைக்கு முன் வயலுக்குத் தீ வைக்கும் மாதங்களில் கரிய சாம்பல் துணிக்கொடி வரை பறந்து விழுவதை அங்குள்ளவர்கள் அறிவார்கள். அது கணினியின் விசிறிக்கும் போகிறது. கடற்கரையோரம் உள்ள மெர்பேங்க், இசிப்பிங்கோ போன்ற இடங்களில் உப்புக்காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து உலோகத் தொடர்புகளை அரிக்கின்றன. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேலே இருப்பதால் காற்று மெல்லியது. அதே விசிறி டர்பனில் குளிர்விக்கும் அளவுக்கு அங்கே குளிர்விக்காது.

சாமியறையிலோ அதை ஒட்டியோ கணினி இருந்தால் இதையும் கவனியுங்கள். விளக்கின் எண்ணெய்ப் புகை, கற்பூரக் கரி, சாம்பிராணி ஆகியவை விசிறியில் பிசுக்காகப் படிந்து, பிறகு வரும் தூசியை எல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். இந்தப் பிசுக்கு ஊதினால் போகாது. விசிறியின் இதழ்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். கணினியை வேறு அறைக்கு மாற்றினால் இன்னும் நல்லது.

துப்புரவு செய்யும்போது பிளக்கைக் கழற்றி, விசிறியைக் கைவிரலால் சுழலாமல் பிடித்துக்கொண்டு, காற்றுக் குப்பியால் சிறிது சிறிதாக ஊதுங்கள். தூசி உறிஞ்சியின் குழாயை மதர்போர்டுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். அது நிலைமின்னை உண்டாக்கும். டர்பன் பக்கத்து வீடுகளில் பல்லி உள்ளே நுழைந்து இறந்து கிடப்பதும் அரிதன்று, ஆகவே பின்புறம் திறந்திருக்கும் இடைவெளிகளைத் தகட்டால் மூடுங்கள்.

நினைவகத்தை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். தேடலில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி இயக்கினால், கணினி மறுதொடக்கமாகிச் சோதித்து முடிவைச் சொல்லும். இது மேலோட்டமான சோதனை. நம்பத்தக்க முடிவுக்கு, ‘மெம்டெஸ்ட்86+’ என்ற இலவசக் கருவியை யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘ஒன்றுதானே’ என்று விட்டுவிடக் கூடாது.

பிழை வந்த உடனே புதிய நினைவகம் வாங்க வேண்டியதில்லை. அணைத்து, பிளக்கைக் கழற்றி, நினைவக அட்டைகளை எடுத்து, அவற்றின் பொன்னிறத் தொடர்புகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ‘டக்’ என்று ஒலி கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். ஈரக்காற்று உள்ள ஊர்களில் இதுவே போதுமானதாக இருக்கலாம். தொல்லை தொடர்ந்தால் ஓர் அட்டையை மட்டும் வைத்துச் சோதியுங்கள், பிறகு மற்றதை மட்டும். கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயோஸின் அமைப்பில் ‘எக்ஸ்எம்பி’ அல்லது ‘எக்ஸ்போ’ என்ற விரைவு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி ஒருமுறை சோதியுங்கள். அட்டை நல்லதாக இருந்தும், அந்த வேகத்தில் மட்டும் பிழை வரலாம்.

வட்டைப் பற்றி என்ன பார்க்க வேண்டும்?

‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவசச் செயலி வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவைக் காட்டும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய எண்களுக்குரிய மதிப்பு பூச்சியத்துக்கு மேலிருந்து, வாரத்துக்கு வாரம் கூடினால் வட்டு இறந்துகொண்டிருக்கிறது. 199-க்குரிய மதிப்பு கூடினால் வட்டு நல்லது, கேபிள்தான் பழுது என்பதற்கு வாய்ப்பு அதிகம். புதிய கேபிளின் விலை மிகக் குறைவு.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதால் வட்டு நல்லதாக இருந்தும் கோப்பு அமைப்பு சிதைவதுண்டு. வட்டின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் உள்ள ‘செக்’ பொத்தானை அழுத்திச் சரிபார்க்கலாம். ஸ்மார்ட் பதிவில் பழுது தெரியும் வட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்; முதலில் கோப்புகளை எடுங்கள்.

டிரைவரோ புதுப்பிப்போ காரணமாக இருக்குமா?

இருக்கும். இயங்குதளத்தின் உட்கருவில் ஓடும் ஒரு சிறு கோப்பு தவறினால் கணினி முழுவதும் விழுந்துவிடும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே கண்டது. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அவை அலுவலகக் கணினிகள். ஆனால் வீட்டிலும் திரை அட்டை, வைஃபை, பழைய அச்சுப்பொறி, இரண்டாவதாக நிறுவிய வைரஸ் தடுப்புச் செயலி ஆகியவற்றின் டிரைவர்கள் அதே ஆழத்தில்தான் ஓடுகின்றன.

‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில், தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி மாறிய கருவியைத் திறந்து ‘ரோல் பேக்’ பொத்தானை அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்பும். புதிய டிரைவரைக் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ திரை அட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டுமே எடுங்கள். எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் செயலிகளை நிறுவ வேண்டாம்.

‘ஷட் டவுன்’ கொடுத்து மறுநாள் இயக்குவதைப் புதிய தொடக்கம் என்று எண்ணாதீர்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாட்டால், மூடும்போது உட்கருவின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. டிரைவர் மாற்றிய பிறகு ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைச் செயலகம் உள்ள மேசைக் கணினி என்னுடையது. தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. அந்தத் தலைமுறைகளின் மேசைக் கணினிச் செயலகங்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை, அளவுமீறிய மின்னழுத்தத்தைப் பெற்று நாளடைவில் தளர்ந்து முடக்கங்களை உண்டாக்குவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்தம் பயோஸ் புதுப்பிப்பாக வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. உங்கள் மதர்போர்டுக்கான புதிய பயோஸை ஏற்றுங்கள். ஏற்கெனவே தளர்ந்துபோன செயலகத்தை அது குணமாக்காது. அதற்கு மாற்றுச் செயலகம் கேட்டே ஆக வேண்டும். பயோஸ் எழுதும்போது மின்சாரம் போனால் மதர்போர்டே இயங்காமல் போகலாம் என்பதால், லோட்ஷெட்டிங் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கணினி தொடங்கவே மாட்டேன் என்கிறது. சின்னம் வருகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

விண்டோஸ் தொடர்ந்து சிலமுறை தொடங்கத் தவறினால் பழுதுநீக்கத் திரை தானாகவே வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று, முதலில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’, பிறகு கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்குதல், பிறகு ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ என்ற வரிசையில் முயலுங்கள். அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் மட்டும் நன்றாக ஓடினால் டிரைவரையோ பின்னணியில் ஓடும் செயலியையோ தேட வேண்டும். சேஃப் மோடிலும் முடங்கினால் வன்பொருளைத் தேட வேண்டும்.

விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினால் எல்லாம் சரியாகிவிடாதா?

மென்பொருள் கோளாறு என்றால் சரியாகும். பவர் சப்ளை, வெப்பம், நினைவகம் என்றால் ஒரு நாள் உழைப்பும், செயலிகளும், அமைப்புகளும் வீணாகும். ஆகவே மேலே சொன்ன வன்பொருள் சோதனைகளுக்குப் பின்னரே இதைச் செய்யுங்கள். மறுபடி நிறுவிய பிறகும், வேறு எதையும் சேர்க்காத நிலையில் முடங்குமானால் பழுது வன்பொருளில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த வகையில் இது ஒரு சோதனையாகவும் பயன்படும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், எப்படியும் நிறுவப்போகிறீர்கள் என்றால், கணினி ஏற்கும் பட்சத்தில் விண்டோஸ் 11-ஐ நிறுவுங்கள்.

நீலத்திரையில் ஒரு தொலைபேசி எண் வந்தது. அழைக்கலாமா?

அழைக்கவே கூடாது. உண்மையான முடக்கத் திரையில் தொலைபேசி எண் வருவதில்லை. அது உலாவியில் முழுத்திரையாக விரிந்த மோசடிப் பக்கம். ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் பழுது’ என்று வரும் அழைப்புகளும் அவ்வாறே. வீட்டில் தனியே இருக்கும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். யாரேனும் கணினிக்குள் நுழைய ஏற்கெனவே இடம் கொடுத்துவிட்டால், இணையத்தைத் துண்டித்துவிட்டு, வங்கிக்கு உடனே தெரிவித்து, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது என் உரிமைகள் என்ன?

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவானது. வாங்கி ஆறு மாதங்களுக்குள் பழுது தெரியவந்தால், நீங்கள் தவறாகப் பயன்படுத்தாதவரை, பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கே உண்டு. பழுதுபார்க்கும்போது பொருத்திய புதிய பாகத்துக்கு மூன்று மாத உத்தரவாதம் உண்டு. நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலன்றி, செலவு மதிப்பீட்டைத் தந்து ஒப்புதல் பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் உங்களிடம் தர வேண்டும். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இணங்காவிட்டால் நுகர்பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடமோ தேசிய நுகர்வோர் ஆணையத்திடமோ முறையிடலாம்.

உங்கள் குறிப்பேட்டின் படியையும், திரையின் புகைப்படங்களையும், ஏற்கெனவே செய்த சோதனைகளின் முடிவையும் கணினியோடு கொடுங்கள். நேர்மையான பழுதுபார்ப்பவர் அதை மகிழ்ச்சியோடு வாங்கிப் படிப்பார்.

உண்மையாகவே சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

முன்பு சராசரியாக நான்கு நாளுக்கு ஒருமுறை முடங்கிய கணினி, திருத்தத்துக்குப் பின் இரண்டு நாள் அமைதியாக இருப்பது எதையும் நிறுவாது. பழைய இடைவெளியைப் போல் மூன்று மடங்கு காலம், அதாவது பன்னிரண்டு நாள், முடங்காமல் ஓடட்டும். பழுது தொடர்ந்து இருந்தும் தற்செயலாக அத்தனை நாள் அமைதியாக இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அதுவரை வேறு எதையும் மாற்றாதீர்கள், வழக்கமான வேலைகளையே செய்யுங்கள். காரணம் வெப்பம் என்று முடிவு செய்திருந்தால் ஜூலை மாதத்து அமைதியை மட்டும் நம்ப வேண்டாம். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தையும் அது கடந்து வந்த பிறகே குறிப்பேட்டை மூடுங்கள்.